உழைக்கிற பிள்ளைக்கு வழி காட்டுவது யார்?

பட்டிமன்றம்: மாணவர்கள் படிப்பில் உயரப் பெரிதும் காரணம் அவர்களின் உழைப்பா? பள்ளி கற்பிக்கும் முறையா?
அணி: கற்பிக்கும் முறையே!

அன்பும் பொறுமையும் நிறைந்த நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! நான் எழுந்த நேரத்திலிருந்தே என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! பிள்ளைகளை உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுத உட்கார வைத்துவிட்டு, கூடத்தில் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். “உழைக்கிற பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டாலும் படிச்சுக்கும். உழைக்காத பிள்ளைக்குச் சரசுவதியே வந்து டியூஷன் எடுத்தாலும் ஏறாது” அப்படீன்னாங்க. நீங்க எல்லாரும் தட்டினீங்க. நானும் தட்டினேன். எதிரணியாக இருந்தாலும் நல்லா பேசினா தட்டணும். அதுதான் மேடைக்கு அழகு. ஆனால் தட்டின கையை மடியில் வெச்ச பிறகு யோசிச்சேன். ‘உழைக்காத பிள்ளை’ என்று சொன்னார்களே, அந்தப் பிள்ளையை யாராவது கூப்பிட்டு, “நீ எப்படிப்பா படிக்கிறே?” என்று கேட்டார்களா?

நான் கேட்டேன் ஐயா. சில ஆண்டுகளுக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு மாணவன். அவன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவன். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். இலக்கணத் தேர்வில் அவன் வாங்கியது 18 மதிப்பெண். அறைக்குக் கூப்பிட்டேன். “ஏம்ப்பா படிக்கலையா?” என்றேன். “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிச்சேங்கய்யா. பத்துத் தடவை வாசிச்சேன்” என்றான். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக மஞ்சள் கோடு. மஞ்சள் படாத வரியே இல்லை. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நாம் நாலு மூலையில்தான் மஞ்சள் தடவுவோம். இவன் புத்தகத்தையே குளிப்பாட்டி வைத்திருந்தான். (சிரிப்பு)

“சரி, புத்தகத்தை மூடு. வேற்றுமைத் தொகை என்றால் என்ன? உன் சொந்த வார்த்தையில் சொல்லு” என்றேன். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பார்க்கும்போது எல்லாம் தெரியுதுங்கய்யா. மூடினா ஒண்ணுமே தெரியலை” என்றான்.

நடுவர் அவர்களே! அம்மையாரிடம் கேட்கிறேன். இந்தப் பையன் உழைக்கவில்லையா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அவன் இன்னும் என்ன உழைக்கணும்? (கைதட்டல்)

உழைப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிணறு வெட்ட உழைப்பு வேணும். ஆனால் நீரோட்டம் இல்லாத இடத்தில் நாற்பது அடி வெட்டினவனைப் பார்த்து, “நீ சோம்பேறி” என்று சொல்லலாமா? இடம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? அங்கேதான் எங்கள் அணி வந்து நிற்கிறது.

மனித மூளை எப்படிக் கற்கிறது, எப்படி மறக்கிறது என்று ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கற்றல் அறிவியல் என்கிறார்கள். இது நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் இல்லை. 1885ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்று ஒருவர், மறதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆராய்ச்சிக்கு ஆள் தேடி அவர் வெளியே போகவில்லை. தன்னையே சோதித்துக்கொண்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் போட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கழன்று போயிருந்தது. மறுநாள் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்!

இந்த இடத்தில் நம்ம பவணந்தி முனிவரை நினைத்துக்கொண்டேன். நன்னூலில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். தலை மாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை சொல்கிறார். இடை மாணாக்கருக்கு மண்ணும் கிளியும். கடை மாணாக்கருக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை. நான் இதை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒருத்தன் இன்னொருத்தனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். (சிரிப்பு) ஆனால் எபிங்ஹவுஸ் கணக்குப்படி பார்த்தால் என்ன தெரிகிறது? முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு, பாடம் நடத்துகிற நான், தீர்ப்பு சொல்லப்போகிற நடுவர், நாம் எல்லாருமே ஓட்டைக் குடம்தான் ஐயா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) மறப்பது பிள்ளையின் குற்றம் இல்லை; மனித மூளையின் இயல்பு. குடத்தில் ஓட்டை இருக்கு என்று திட்டிக்கொண்டிருப்பதா, ஓட்டையை அடைக்க வழி பார்ப்பதா?

வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு முறையும் படிப்பதற்கே நேரம் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஒரு முறைதான் படிக்க நேரம்; மற்ற மூன்று முறையும் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதம்தான்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். “ஆகா, உங்க கதையிலேயே உங்க கட்சி தோத்துப்போச்சே” என்கிறார். கொஞ்சம் பொறுங்கய்யா! அந்தச் சோதனையில் சிலருக்கு அன்றைக்கு வைக்காமல் ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். இப்போ கேளுங்க. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம். புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்! (கைதட்டல்) இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ‘ஒரு வாரம் கழித்து எனக்கு நல்லா நினைவிருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

ஏன் இப்படி? தாய்மார்களுக்கு இது உடனே புரியும். டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி வருகிறது. அந்த அம்மா மளமளவென்று செட்டிநாட்டுக் குழம்பு செய்கிறார். பார்க்கும்போது, “அட, இவ்வளவுதானா!” என்று தோன்றுகிறது. மறுநாள் அடுப்படிக்குப் போனால்? சோம்பு முதலில் போட்டாங்களா, வெங்காயம் முதலில் போட்டாங்களா? புளியை எப்ப ஊத்தினாங்க? ஒன்றும் நினைவில் இல்லை. அன்று ராத்திரி அந்த வீட்டில் உப்புமா! (சிரிப்பு) ஆனால் டி.வி.யை அணைத்துவிட்டு, பார்த்ததை ஒரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, விட்டுப்போனதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது. பார்த்துப் பழகியது வேறு. எடுத்துப் பழகியது வேறு. என் மாணவன் பத்துத் தடவை டி.வி. பார்த்தவன் ஐயா. ஒரு தடவைகூட அடுப்பு மூட்டவில்லை. ஏன் மூட்டவில்லை? மூட்டச் சொல்லி யாருமே சொல்லவில்லை!

அவன் புத்தகத்தில் இருந்த மஞ்சள் கோட்டைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு டன்லாஸ்கி என்பவரும் அவருடைய குழுவினரும், மாணவர்கள் கையாளுகிற பத்து வழிகளைத் தராசில் போட்டு நிறுத்துப் பார்த்தார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தரும் வரிசையில் நின்றன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், ஒரே நாளில் கொட்டாமல் நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பதும் அதிகப் பயன் தரும் வரிசைக்கு வந்தன. ஒரே நாளில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினால் செடி அழுகிப்போகும். பத்து நாள் ஒவ்வொரு குடமாக ஊற்றினால் பூக்கும். இது நம்ம ஊர்த் தோட்டக்காரருக்குத் தெரியும். தேர்வுக்கு முதல் நாள் பிள்ளையை விடிய விடிய உட்கார வைக்கிற நமக்குத்தான் தெரியவில்லை.

“அப்படியானால் ஆசிரியர் இதை வகுப்பில் செய்துவிட்டுப் போகட்டுமே, என்ன தடை?” என்று நடுவர் கேட்கலாம். கேட்பார், அவர் சும்மா விடமாட்டார். (சிரிப்பு) அந்தத் தடையைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் வந்தேன்.

இன்னொரு சோதனை சொல்கிறேன். 2007ஆம் ஆண்டு, ரோரர், டெய்லர் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. கனஅளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு ஒரே வகையாக அடுக்கிக் கொடுத்தார்கள். ஒரு வகை முடிந்த பிறகு அடுத்த வகை. நம்ம கணக்குப் புத்தகம் மாதிரியே. இன்னொரு குழுவுக்கு எல்லா வகையையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சி நடக்கும்போது அடுக்கிச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் தட்டுத் தடுமாறி 60 சதவீதம். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால், அடுக்கிச் செய்தவர்கள் 20 சதவீதம்! கலந்து செய்தவர்கள் 63 சதவீதம்! காரணம் என்ன? அடுக்கிச் செய்யும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. போன கணக்குக்குப் போட்டதையே இதுக்கும் போட்டால் சரி. தேர்வில் வந்து, “உங்க சூத்திரம் நாந்தான்” என்று எதுவும் கையைத் தூக்குமா? (சிரிப்பு) கலந்து செய்தவன் ஒவ்வொரு கணக்கிலும் எது எதற்கு என்று தேர்ந்தெடுத்துப் பழகியிருக்கிறான்.

இரண்டு சோதனையையும் சேர்த்துப் பாருங்கள் ஐயா. நல்ல முறை, முதல் நாள் பார்க்கும்போது தோற்றுப்போன மாதிரி தெரிகிறது. மோசமான முறை, முதல் நாள் ஜெயித்த மாதிரி தெரிகிறது. இப்போது ஒரு தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து வருகிறார். ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் பாடம் ஒப்பிக்கிறார்கள். கடகடவென்று கணக்குப் போடுகிறார்கள். அடுத்த வகுப்பில் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறார்கள். தப்புத் தப்பாகப் போட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். தலைமையாசிரியர் யாரைப் பாராட்டுவார்? யாரை அறைக்குக் கூப்பிட்டு, “என்ன சார், உங்க கிளாஸ் டல்லா இருக்கு? போர்ஷன் எப்ப முடிப்பீங்க?” என்று கேட்பார்?

அங்கேதான் ஐயா விஷயமே இருக்கிறது! ஐந்து நிமிடத்தில் பார்க்கிற தலைமையாசிரியர் நல்ல ஆசிரியரைத் தண்டித்துவிடுவார். ஒரு வாரம் கழித்துப் பார்க்கத் தெரிந்த தலைமையாசிரியர்தான் அவரைக் காப்பாற்றுவார். பிள்ளை எப்படிக் கற்கிறது என்ற அறிவு ஆசிரியருக்கு மட்டும் இருந்தால் போதாது. தலைமைக்கும் இருக்கணும். இல்லையென்றால் நல்ல ஆசிரியர் நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, “நமக்கு ஏன் வம்பு” என்று பழைய பாட்டுக்கே போய்விடுவார். (பலத்த கைதட்டல்)

எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியை இருக்கிறார். சிற்றூர்ப் பள்ளி. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார்கள். அவர் பெரிய கட்டடம் கட்டவில்லை, கம்ப்யூட்டர் வாங்கவில்லை. டைம்டேபிளைத்தான் திருத்தினார். திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் முதல் பத்து நிமிடம், எல்லா வகுப்பிலும் புத்தகம் மூடியிருக்க வேண்டும். போன வாரம் படித்தது, போன மாதம் படித்தது, நினைவில் இருப்பதை எழுதணும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை அவரவரே சிவப்பு மையில் சேர்த்துக்கொள்ளணும். மதிப்பெண் கிடையாது. ரேங்க் கிடையாது. யாருக்கும் அடி கிடையாது.

முதல் மாதம் பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “புதுப்பாடம் நடத்தாம பழசையே கேக்குறீங்களாமே?” ஆசிரியர்களும் முணுமுணுத்தார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “மாதத் தேர்வில் மார்க் குறைஞ்சா பொறுப்பு என்னுது. அரையாண்டு வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க.” அரையாண்டுத் தேர்வு வந்தது. ஒவ்வொரு வருஷமும் கடைசி மூன்று வாரம் பழைய பாடத்தை முதலிலிருந்து நடத்துவார்களே, அந்த வேலை அந்த வருஷம் பாதியாகக் குறைந்துவிட்டது. முணுமுணுத்த கணக்கு வாத்தியார் தானே வந்து, “வெள்ளிக்கிழமையும் ஒரு பத்து நிமிஷம் கொடுங்க மேடம்” என்று கேட்டார். ‘பொறுப்பு என்னுது’ என்று சொன்னார் பாருங்கள், அதுதான் ஐயா தலைமை! (கைதட்டல்)

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நியூசிலாந்து நாட்டில் விவியன் ராபின்சன் என்ற பேராசிரியை, பள்ளித் தலைவர்கள் செய்கிற எந்தெந்த வேலையால் மாணவர் படிப்பு உயருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008ஆம் ஆண்டு வெளியிட்டார். இலக்கு வைப்பது, பணத்தைப் பார்த்துச் செலவிடுவது, ஒழுங்கைக் காப்பது எல்லாவற்றுக்கும் பயன் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட மிகுந்த பலன் தந்தது எது? ஆசிரியர்களைக் கற்கவைத்து, அவர்களோடு தலைமையாசிரியர் தானும் உட்கார்ந்து கற்பது! நம்ம பக்கம் பயிற்சி வகுப்பு என்றால் என்ன நடக்கும்? தலைமையாசிரியர் குத்துவிளக்கு ஏற்றுவார். “ஆசிரியர்கள் அனைவரும் பயன்பெற வேண்டும்” என்பார். டீ குடிப்பார். போய்விடுவார்! (பலத்த சிரிப்பு) அவர் பின்வரிசையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தால் போதும் ஐயா, ஸ்டாஃப் ரூம் பேச்சே மாறிவிடும்.

சரி, ஆசிரியருக்கு வருகிறேன். செலவே இல்லாத ஒரு வழி சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரே ஒரு விநாடி! நம்ம வீட்டிலும் அதுதான். “இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?” என்று கேட்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள், “சரி, வத்தக்குழம்பே வச்சிடறேன்.” (சிரிப்பு) சிரிக்கிற ஆண்களைச் சொல்கிறேன், “உனக்கு என்ன வேணும்?” என்று அவர்களைக் கேட்டுவிட்டு, நாம் அந்த ஒரு விநாடிகூடக் காத்திருந்ததில்லை. (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக நீட்டினால் என்ன ஆனது? பிள்ளைகளின் பதில் நீண்டது. ‘தெரியாது’ என்பது குறைந்தது. வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். மூன்று விநாடி ஐயா! அதற்கு எந்த அரசாணை வேணும்?

பெற்றோருக்கும் ஒன்று. 1988ஆம் ஆண்டு ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வெளியிட்டார். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு ‘இங்கே இதைச் செய்திருக்கலாம்’ என்ற குறிப்பு மட்டும். சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் உயர்ந்தார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குப் பலன் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் பார்ப்பதில்லை. ரேங்க் கார்டு வந்ததும் நாம் என்ன கேட்கிறோம்? “பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?” (சிரிப்பு)

இன்னொரு எதிரணி நண்பர் சொன்னார், “இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மண்ணுக்கு ஒத்துவராது” என்று. தமிழ் படித்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியே ஆகணும். அதே நன்னூலில் பவணந்தியார் கணக்கு ஒன்று போடுகிறார். ஆசிரியர் சொல்லக் கேட்டால் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு சேர்ந்து பழகினால் இன்னொரு கால். பிறருக்கு நாமே எடுத்துச் சொன்னால் மீதி அரை! கேட்டதை நினைத்துப் பார், வினவு, வினவியதற்கு விடை சொல் என்ற பொருளிலும் மாணாக்கருக்கு வழி காட்டுகிறார். 2006ஆம் ஆண்டுச் சோதனை வேறு என்ன சொன்னது?

இன்னும் கேளுங்கள். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பான், சட்டாம்பிள்ளை என்போம். பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவார்கள். 1789 முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியைக் கவனித்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், நம்ம பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டையும் நடத்திக் காட்டி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான பள்ளி ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கிறது. பெயர் என்ன தெரியுமா? மதராஸ் காலேஜ்! (கைதட்டல்) வெளிநாட்டுச் சரக்கா ஐயா இது? நம்ம வீட்டு விதை வெளியூரிலும் முளைத்தது. நாம் மறந்தோம், அவர்கள் அளந்து பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று. பழசு என்பதற்காக எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பும் இருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று காட்டத்தான் அறிவியல். புதுசு என்பதற்காக எல்லாவற்றையும் வாங்குவதும் தப்பு. “உங்க பிள்ளை பார்த்துக் கற்கிறவனா, கேட்டுக் கற்கிறவனா? கண்டுபிடிச்சுத் தர்றோம்” என்று கட்டணம் வாங்குகிறார்களே, அப்படிப் பிரித்துக் கற்பித்தால் படிப்பு உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியருக்கு இது தெரிந்தால் பள்ளிப் பணம் மிச்சம்.

கடைசியாக, பின்தங்கிய பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நீங்கள் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு உழைத்து நடத்தினாலும், அவன் எவ்வளவு உழைத்துக் கேட்டாலும் என்ன ஆகும்? மாடியில் நின்று கயிறு போடுகிறீர்கள். அவன் கிணற்றுக்குள் நிற்கிறான். கயிறு எட்டவில்லை. மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பிள்ளைகளைத் தனியே அழைத்தது. அந்தந்தப் பகுதி இளம்பெண்களைக் கொண்டு, அடிப்படை எழுத்தையும் எண்ணையும் தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது. இதை அளந்து 2007இல் வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. 2019இல் நோபல் பரிசு பெற்றார்களே, அவர்களேதான். நம் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். மக்கு என்று பெயர் வைக்கவில்லை; அரும்பு என்று வைத்தார்கள். மக்கு என்றால் அதோடு முடிந்தது. அரும்பு என்றால் நாளைக்குப் பூக்கும்! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணி மேல் கையை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா.

இந்தத் தலைப்பை நாம் இங்கே சிரித்துப் பேசுகிறோம். ஆனால் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் பையன் கணக்கில் போனால் டுடோரியலில் சேர்க்கிறார்கள். பெண் போனால்? “இதுக்குப் படிப்பு வரலை” என்று ஒரே வார்த்தை. அடுத்த மாதம் கம்பெனி வேலைக்கு வண்டி ஏற்றுகிறார்கள். இல்லை, மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணும் அதை நம்பிவிடுகிறாள். ‘நான் உழைக்கலை, எனக்கு மூளை இல்லை’ என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு காலம் முழுக்க வாழ்கிறாள். பிற்காலத்தில் தன் பிள்ளை சந்தேகம் கேட்டால்கூட, “எனக்கு என்னடா தெரியும், அப்பாகிட்ட கேளு” என்கிறாள். அவளுக்குப் படிப்பு வரவில்லையா? படிக்கும் வழியை அவளுக்கு யாரும் காட்டவில்லையா? இந்தக் கேள்வியைக் கேட்காமலே எத்தனை பெண்களின் புத்தகத்தை நாம் மூடிவிட்டோம்!

எதிரணி சொல்வதுபோல் எல்லாம் உழைப்புதான் என்று தீர்ப்பு வந்தால், தோற்ற ஒவ்வொரு பிள்ளையும் குற்றவாளி ஆகிவிடும். பள்ளிக்கூடம் கையைக் கழுவிக்கொள்ளும். எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தால், ஆசிரியர் மூன்று விநாடி காத்திருப்பார். தலைமையாசிரியர் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பார். பெற்றோர், “எவ்வளவு மார்க்?” என்று கேட்பதற்கு முன்னால், “புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு பார்க்கலாம்” என்று உட்கார்ந்து கேட்பார்கள். பெற்றோருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை ஐயா. கேட்கத் தெரிந்தால் போதும். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற அப்பாவும் அதைச் செய்யலாம்.

பிள்ளைகள் உழைக்கத் தயாராக இருக்கிறார்கள். அந்த உழைப்பு வீணாகாமல் வழி காட்டுவது பள்ளியின் கடமை. எனவே மாணவர்கள் படிப்பில் உயரப் பெரிதும் காரணம் கற்பிக்கும் முறையே, கற்பிக்கும் முறையே என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)